ரவுட்டரின் ஆட்டோ சேனல்: எப்போது முடிவெடுக்கிறது, எங்கிருந்து பார்க்கிறது?

கேள்வி, 9 மே 2025

"மேடவாக்கத்தில் நான்கு மாடி அபார்ட்மென்ட், நாங்கள் இரண்டாவது மாடி. ஃபைபர் இணைப்பு. ரவுட்டரில் சேனல் 'ஆட்டோ' என்று இருக்கிறது. பகலில் நன்றாக ஓடுகிறது, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் வீடியோ எதைப் போட்டாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரவுட்டரை அணைத்துப் போட்டால் சில நாள் சரியாகிறது, சில நாள் இன்னும் மோசமாகிறது. ஆட்டோ என்றால் நெரிசலைப் பார்த்து அதுவே மாறிக்கொள்ள வேண்டாமா? ஆட்டோ எல்லாம் சும்மா பேருக்குத்தான் என்கிறான் தம்பி. பேசாமல் சேனல் 6-இல் நிறுத்திவிடலாமா?"

9 மே, இரவு

ஆட்டோ வேலை செய்கிறது. ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் நேரத்தில் செய்வதில்லை.

வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலானவை சேனலை, அதாவது எந்த அலைவரிசையில் பேசுவது என்பதை, தேர்ந்தெடுப்பது பவர் போட்டு எழும்பும் அந்தச் சில நொடிகளில் மட்டும்தான். ஒவ்வொரு சேனலாகப் போய்க் காது கொடுக்கும், ஒன்றைப் பிடிக்கும், அடுத்த ரீஸ்டார்ட் வரை அதிலேயே உட்கார்ந்திருக்கும். காலை 11 மணிக்கு, பாதி வீடுகள் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் எழும்பிய ரவுட்டருக்கு எல்லாச் சேனலும் காலியாகத்தான் தெரியும். ராத்திரி எட்டு மணிக்கு அதே சேனலில் மாடிக்கு நாலு டிவி ஓடும் என்று அதற்கு எப்படித் தெரியும்?

6-இல் நிறுத்துவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றைப் போட்டு, ராத்திரி எட்டரைக்கு, வீடியோ சுற்றுகிற அதே இடத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஐபோனில் வெளியார் செய்த இந்த மாதிரி ஆப்கள் சுற்றிலும் இருக்கும் நெட்வொர்க்குகளைக் காட்டாது, அதற்கு ஆப்பிள் வழிவிடுவதில்லை. வீட்டில் யாரிடமாவது ஆண்ட்ராய்டு இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

10 மே

ரீஸ்டார்ட் செய்தால் சில நாள் சரியாகிறது, சில நாள் மோசமாகிறது என்றீர்களே, அது நேற்றிலிருந்து மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. இதற்கும் கரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது.

எங்கள் தெருவில் மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலையில் நிறுத்தினால் மதியம் இரண்டு மணி வாக்கில் விடுவார்கள். ஒருமுறை அந்த நேரத்தில் அனலைசரைத் திறந்து வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். அதில் ஒரு வைஃபைக்கு ஒரு மேடு தெரியும். கரண்ட் இல்லாதபோது திரையில் இரண்டே மேடுகள், இன்வெர்ட்டர் வைத்திருக்கும் வீடுகள். கரண்ட் வந்தது. முதலில் ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் ஒன்றரை நிமிடம் போல ஆனதும் ஒன்றன் மேல் ஒன்றாக மேடுகள் எழும்ப ஆரம்பித்தன, அதில் முக்கால்வாசி ஒரே இடத்தில், சேனல் 1-இல். 11 பக்கம் கிட்டத்தட்ட வெறிச்சென்று கிடந்தது.

காரணம் எளிது. எங்கள் கட்டிடத்தில் பாதிப் பேர் ஒரே நிறுவனத்திடம் இணைப்பு வாங்கியவர்கள், ஒரே மாடல் பெட்டி. ஒரே நொடியில் கரண்ட் வருகிறது, எல்லாப் பெட்டிக்கும் எழும்ப ஒரே நேரம் ஆகிறது, எல்லாம் ஒரே நேரத்தில் ஸ்கேன் செய்கின்றன. ஸ்கேன் செய்யும்போது யாரும் இன்னும் சிக்னல் விடத் தொடங்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஊரே காலி. காலியாக இருந்தால் எதை எடுப்பது? எல்லாவற்றிலும் ஒரே நிரல், அதனால் எல்லாமே ஒரே பதிலுக்கு வந்து சேர்கின்றன. அதன் பிறகு ஒருவரும் நகர்வதில்லை.

ஆகவே கரண்ட் போய் வந்த நாளில் உங்கள் வைஃபை மந்தமாக இருந்தால், உடனே அணைத்துப் போடாதீர்கள். எல்லோரும் உட்கார்ந்து முடியட்டும், அரை மணி கழித்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்போது உங்களுடையது மட்டும் தனியாகக் கேட்கும், மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியும்.

11 மே

"ரவுட்டர் எதை வைத்துக் காலி என்று சொல்கிறது?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, ஏனென்றால் இதில்தான் மாடலுக்கு மாடல் வித்தியாசம்.

மலிவான பெட்டிகள் பல, சேனலில் எத்தனை பெயர்கள் தெரிகின்றன என்று எண்ணுவதோடு சரி. கொஞ்சம் நல்லது என்றால் ஒவ்வொரு பெயரும் எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்றும் பார்க்கும். இரண்டுமே முக்கியமான ஒன்றை விட்டுவிடுகின்றன: அந்தச் சேனல் உண்மையில் எவ்வளவு நேரம் பேச்சில் இருக்கிறது என்பதை. ஆறு பெயர்கள் சும்மா இருக்கும் சேனலை விட, ஒரே வீடு இரவு முழுக்கப் பெரிய பெரிய கோப்பாக இறக்கும் சேனல் மோசம்.

லினக்ஸ் ரவுட்டர்களில் இருக்கும் ஹோஸ்ட்ஏபிடி என்ற நிரல் இதைச் சரியாகச் செய்கிறது. ரவுட்டரில் ஓபன்டபிள்யூஆர்டி என்ற மாற்று மென்பொருள் போட்டவர்களுக்கும் அடியில் ஓடுவது இதுதான். ஒவ்வொரு சேனலிலும் கேட்ட நேரத்தில் எவ்வளவு நேரம் காற்று பிஸியாக இருந்தது என்று கணக்கெடுத்து, அதில் தன் சொந்தப் பேச்சைக் கழித்து, பின்னணி இரைச்சலையும் சேர்த்து ஒரு மதிப்பெண் போடும். எந்தச் சேனலுக்குக் குறைச்சலோ அது தேர்வு. வழக்கமாக ஐந்து சுற்றுக் கேட்டுப் பார்க்கும். 2.4-இல் பக்கத்துச் சேனல்களின் நெரிசலையும் கூட்டிக்கொள்ளும், ஒன்றோடொன்று இடிக்காத 1, 6, 11 மூன்றுக்கும் கொஞ்சம் சலுகை கொடுக்கும். இவ்வளவு செய்தும் அதுவும் எழும்பும்போது மட்டும்தான்.

ஏன் நடுவில் மறுபடி பார்ப்பதில்லை? ஒரு ரேடியோ ஒரு நேரத்தில் ஒரு சேனலில்தான் இருக்க முடியும். பக்கத்துச் சேனல் எப்படி என்று பார்க்கப் போனால், அந்த நேரத்துக்கு உங்கள் போனோடு பேச முடியாது. ஒரு சேனலுக்குப் பத்தில் ஒரு நொடி எடுத்துக்கொண்டாலும் வீடியோ காலில் அது விக்கலாகத் தெரியும். அதனால் நடுவில் பார்க்கும் திறமை உள்ள ரவுட்டர்களும், வீட்டில் யாரும் இணையத்தைப் பயன்படுத்தாத நேரமாகப் பார்த்துத்தான் எட்டிப்பார்க்கின்றன. அந்த நேரத்தில் நெரிசல் இருக்காது. நெரிசல் இருக்கும் நேரத்தில் அதற்கு எட்டிப்பார்க்க ஓய்வு இல்லை. எனக்கு இதில் தீராத ஆதங்கம் உண்டு, ஏனென்றால் இன்னொரு சிறிய ரேடியோவைக் கேட்பதற்கென்றே உள்ளே வைத்தால் தீர்ந்துவிடும். விலை உயர்ந்த சில மாடல்களில் வைக்கிறார்கள். இணைப்போடு கொடுக்கும் பெட்டியில் அதை எதிர்பார்க்க முடியாது.

11 மே, சற்று நேரம் கழித்து

எங்கிருந்து பார்க்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரவுட்டர் கேட்பது அது இருக்கும் இடத்திலிருந்து. நம் வீடுகளில் ஃபைபர் உள்ளே வரும் வாசல் பக்கம், செருப்பு அலமாரிக்கு மேலே ஆணியில் மாட்டியிருப்பார்கள். அதற்கு எதிர்வீட்டு ரவுட்டர் காதுக்குள் கத்துகிற மாதிரி இருக்கும். நீங்கள் படுத்துக்கொண்டு படம் பார்ப்பது பின் அறையில், அங்கே பலமாக இருப்பது பின்பக்க வீட்டின் ரவுட்டர், உங்கள் ரவுட்டருக்கு அது கேட்கவே கேட்காது. போனிடமே "உன் காதுக்கு என்ன கேட்கிறது" என்று கேட்டுத் தெரிந்துகொள்ள 802.11கே என்ற தரத்தில் வழி இருக்கிறது. ஆனால் வீட்டு ரவுட்டர்களில் சேனலைத் தேர்ந்தெடுக்க அதைப் பயன்படுத்துபவை மிகக் குறைவு. அதனால்தான் அனலைசரை வீடியோ சுற்றுகிற இடத்தில் வைத்துப் பாருங்கள் என்றேன்.

12 மே

"1, 6, 11 மூன்றிலும் கூட்டம், 3, 4 எல்லாம் காலியாக இருக்கிறது, அங்கே போய்விட்டேன்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம்.

2.4-இல் ஒரு சேனலின் மையத்துக்கும் அடுத்ததன் மையத்துக்கும் 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஆனால் சிக்னல் பரவுவது 20 மெகாஹெர்ட்ஸ். சேனல் 1 என்பது 2412, 6 என்பது 2437, 11 என்பது 2462. சேனல் 3 என்பது 1-க்கும் 6-க்கும் நடுவில் 2422-இல் உட்கார்ந்து இரண்டு பக்கமும் இடிக்கும்.

"இடித்தால் என்ன, 1-இலும் இடிக்கத்தானே செய்கிறது" என்று தோன்றும். ஒரே சேனலில் இருப்பவர்கள் ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஒருவர் முடித்ததும் ஒருவர் பேசுகிறவர்கள். நடுச் சேனலில் போய் உட்காருவது, ஆடி மாதத்தில் அடுத்த தெரு ஸ்பீக்கர் அலறும்போது பேச முயல்வது மாதிரி, அதற்கு நீங்கள் பேசுவது தெரியாது, அது எப்போது நிற்கும் என்று உங்களுக்கும் தெரியாது. கணக்காகச் சொன்னால், ஒரே சேனலில் வரும் வைஃபை பேச்சை அடையாளம் கண்டுகொண்டால் மைனஸ் 82 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு) அளவுக்கு மெலிதாக இருந்தாலும் ரவுட்டர் காத்திருக்கும். அடையாளம் தெரியாத இரைச்சலாக வந்தால் மைனஸ் 62 வரை காத்திருக்காது, அதன் மேலேயே பேசிவிடும். நடுவில் 20 டெசிபல், நூறு மடங்கு பலம். அந்த இடைவெளியில்தான் உங்கள் தகவல் பாக்கெட்டுகள் சாகின்றன, உங்களுடையது மட்டுமில்லை, 1-இல் இருப்பவருடையதும் 6-இல் இருப்பவருடையதும் சேர்த்து.

அதே காரணத்துக்காக 2.4-இல் சேனல் அகலம் 40 என்று இருந்தால் 20 ஆக்குங்கள். அபார்ட்மென்டில் 40 வைப்பவருக்கும் பயனில்லை, அக்கம்பக்கத்தாருக்கும் தொல்லை.

12 மே

12, 13 பற்றியும் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். இந்தியாவில் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம், 2005-இலிருந்து. ஆகவே 13 வரை போகலாம். ஆனால் அமெரிக்காவில் 11-ஓடு நிறுத்திக்கொள்வது வழக்கம், அங்கிருந்து சொந்தக்காரர்கள் வாங்கி வந்த போன், டேப்லெட், சில ஸ்மார்ட் பிளக்குகள் 12, 13-ஐப் பார்க்கவே பார்க்காது. "போனில் வருகிறது, பழைய டேப்லெட்டில் பெயரே வரவில்லை" என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது இதை.

17 மே

5 ஜிகாஹெர்ட்ஸுக்கு வருகிறேன். இந்த ஒரு வாரத்தில் வந்த கேள்விகளில் பாதி இதுதான்: "5ஜி பெயர் திடீரென்று காணாமல் போய் ஒரு நிமிடம் கழித்து வருகிறது."

ஒரு நிமிடம் என்றால் அது அனேகமாக டிஎஃப்எஸ், அதாவது ரேடாரைக் கண்டால் சேனலை விட்டு விலகும் ஏற்பாடு. நெரிசலுக்கு நகராத ரவுட்டர் இந்த ஒரு காரணத்துக்கு மட்டும் நொடிகளில் நகரும், ஏனென்றால் இங்கே கட்டாயம்.

5 ஜிகாஹெர்ட்ஸின் நடுப்பகுதி ஏற்கெனவே ரேடார்கள் பயன்படுத்தியது. 2003-இல் ஜெனீவாவில் நடந்த உலக வானொலி மாநாட்டில் 5150 முதல் 5350 வரையும் 5470 முதல் 5725 வரையும் வைஃபைக்குத் திறந்துவிட்டபோது, 5250-க்கு மேலே வருபவர்கள் ரேடாரைக் கண்டால் விலகிக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். சேனல் எண்ணில் சொன்னால் 52 முதல் 64 வரை, 100 முதல் 144 வரை. அங்கே ரவுட்டர் பேசும் முன் 60 நொடி வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். ரேடார் துடிப்பு கேட்டால் 10 நொடிக்குள் காலி செய்ய வேண்டும், 30 நிமிடம் அந்தச் சேனலைத் தொடக்கூடாது. ஐரோப்பாவில் வானிலை ரேடார்கள் இருக்கும் 5600 முதல் 5650 வரைக்கு அந்த 60 நொடி 10 நிமிடம் ஆகிறது.

இதை வெறும் சட்டச் சடங்கு என்று நினைக்காதீர்கள். 2009-இல் போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் விமான நிலைய வானிலை ரேடாரின் திரையில் இடையூறு தெரிந்து தேடிப்போனபோது, அக்கம்பக்கத்தில் வெளிப்புறத்தில் வைத்திருந்த 5 ஜிகாஹெர்ட்ஸ் கருவிகள்தான் காரணம் என்று தெரிந்தது. விமானம் இறங்கும்போது காற்று திடீரென்று திசை மாறுவதைப் பார்க்கிற ரேடார் அது. சிலர் வேகத்துக்காக ரவுட்டரில் நாட்டை மாற்றி வைத்து இந்தச் சோதனையை அணைக்கிறார்கள். வேண்டாம்.

இந்தியாவில் 2018 அக்டோபரில் 5150 முதல் 5350, 5470 முதல் 5875 வரை மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் திறந்துவிட்டார்கள். அதில் 36 முதல் 48 வரையும் 149-க்கு மேலேயும் டிஎஃப்எஸ் கிடையாது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள், வீடியோ கால் நடுவில் அறுந்தால் கஷ்டம் என்பவர்கள், 36-இலோ 149-இலோ 80 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் நிறுத்திக்கொள்வது நல்லது.

ஒரு மறைமுகப் பொறி இருக்கிறது. சேனல் 36 என்று வைத்திருப்பீர்கள், அகலம் 160 என்று இருக்கும். 160 அகலம் என்றால் 36-இலிருந்து 64 வரை மொத்தமும். அதாவது 52, 56, 60, 64 உள்ளே வந்துவிட்டன, டிஎஃப்எஸ் சட்டமும் கூடவே வந்துவிட்டது. எண் 36 என்றே காட்டும், ஆனால் ரவுட்டர் எழும்பும்போது ஒரு நிமிடம் தாமதம், நடுவில் காணாமல் போவது எல்லாம் நடக்கும்.

18 மே

"சென்னையில் ரேடார் எங்கே இருக்கிறது, துறைமுகத்தில் இருப்பதுதானே, அதுவா என் வைஃபையை விரட்டுகிறது?" அது இல்லை. துறைமுகத்தில் 2002-இலிருந்து இருக்கும் டாப்ளர் ரேடார் எஸ் பேண்ட், 3 ஜிகாஹெர்ட்ஸுக்கும் கீழே. பள்ளிக்கரணையில் இருப்பது எக்ஸ் பேண்ட், 9 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம். இரண்டும் உங்கள் சேனலுக்குப் பக்கத்தில் கூட வராது. மோதக்கூடியது சி பேண்ட், 5.6 ஜிகாஹெர்ட்ஸ் சுற்றுப்புறம். திருவனந்தபுரத்தில் இஸ்ரோ வைத்திருப்பது அந்த வகை.

அப்படியானால் சென்னையில் எதைக் கண்டு ஓடுகிறது? என் அனுமானம், பல நேரம் தவறான எச்சரிக்கை. ரேடார் துடிப்பு என்பது சில மைக்ரோநொடி நீளத்தில் சீரான இடைவெளியில் வரும் வெடிப்பு. பக்கத்து ரவுட்டரின் அரைகுறையாகக் கேட்கும் பேச்சு சில சிப்புகளுக்கு அப்படியே தெரிகிறது. சந்தேகம் வந்தாலும் விலகத்தான் வேண்டும் என்பது விதி, அதனால் விலகுகிறது. ரவுட்டரின் லாக் (பதிவு) பக்கம் திறக்க முடிந்தால் பாருங்கள், ரேடார் என்ற வார்த்தையோடு நேரமும் சேனலும் பதிவாகியிருக்கும். அடிக்கடி ஒரே சேனலில் என்றால் அந்தச் சேனலை மட்டும் ஆட்டோ பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம், சில ரவுட்டர்களில் அதற்கு டிக் பெட்டி இருக்கிறது.

24 மே

மாறுவது என்றால் உண்மையில் என்ன நடக்கிறது? ரவுட்டர் தன் பெயரைச் சொல்லி ஒரு சிறிய அறிவிப்பை 102.4 மில்லிநொடிக்கு ஒருமுறை விட்டுக்கொண்டே இருக்கும், பீக்கன் என்பார்கள். மாறப் போகும்போது அதிலேயே "இன்னும் ஐந்து பீக்கனில் 149-க்குப் போகிறேன்" என்று எண்ணிக் குறைத்துக்கொண்டு வரும். சிஎஸ்ஏ என்று பெயர், 2003-இல் வந்த 802.11எச் தரத்தில் டிஎஃப்எஸ்ஸுக்காகவே வந்தது. போன் அதைக் கேட்டால் கூடவே நகரும், அரை நொடி வாக்கில் முடிந்துவிடும், நீங்கள் கவனிக்கவே மாட்டீர்கள்.

பிரச்சினை இரண்டு பக்கமும். பழைய கருவிகள், மலிவான பல்பு, கேமரா வகைகள் பல இந்த அறிவிப்பைப் புரிந்துகொள்வதில்லை. அவை பழைய சேனலிலேயே காத்திருந்து, பீக்கன் வரவில்லை என்று உணர்ந்து, மறுபடி எல்லாச் சேனலையும் தேடி வரும். வாசல் கேமரா சில சமயம் வரவே வராது, ஏணி போட்டு ஏறி அணைத்துப் போட வேண்டும். இன்னொரு பக்கம், சில ரவுட்டர்களே சிஎஸ்ஏ விடாமல் ரேடியோவை அணைத்துப் புதிய சேனலில் போடுகின்றன. அப்போது வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அறுகிறது.

முதல் நாள் கேள்விக்கு இது இன்னொரு பாதி பதில். எப்போதும் பார்த்து மாறிக்கொண்டே இருக்கும் ரவுட்டர் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு விலை இருக்கிறது. அதுவும் அபார்ட்மென்டில் எல்லோரும் அப்படி வைத்தால், 6-இல் கூட்டம் என்று நான் 11-க்குப் போக, அதே நேரம் மேல்வீடும் 11-க்கு வர, இருவரும் திரும்ப 6-க்கு ஓட என்று முடிவே இருக்காது. அலுவலகங்களில் இது சரியாக நடக்கிறதே என்றால், அங்கே எல்லா வைஃபை பெட்டியையும் ஒரே கன்ட்ரோலர் பார்த்துக்கொள்கிறது. சிஸ்கோ நிறுவனத்தின் கன்ட்ரோலர் வழக்கமாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மொத்தப் படத்தையும் பார்த்துத்தான், மாற்றினால் நல்ல முன்னேற்றம் உண்டென்றால் மட்டும் மாற்றும். நம் அபார்ட்மென்டில் அப்படி மேலிருந்து பார்க்க ஒருவரும் இல்லை.

25 மே

சின்னச் சேர்க்கை. பீக்கனைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, அது தின்னும் நேரத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2.4-இல் பழைய 802.11பி கருவிகளுக்காக பீக்கனை நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் விடும் ரவுட்டர்கள் இன்னும் நிறைய. 300 பைட்டு பீக்கன் என்றால் சுமார் 2.6 மில்லிநொடி. 102.4-இல் 2.6 என்றால் ஒரு பெயருக்கு இரண்டரை சதவீதம். ஒரு சேனலில் எட்டுப் பெயர் கேட்டால் யாரும் எதையும் இறக்காமலேயே ஐந்தில் ஒரு பங்கு காற்று போய்விட்டது. கெஸ்ட் நெட்வொர்க் ஒன்று, டிவிக்கு ஒன்று, பழைய ரவுட்டரை மாற்றியபோது அணைக்காமல் விட்ட ஒன்று என்று ஒரே வீட்டில் மூன்று பெயர் வைத்திருப்பவர்கள் தேவையில்லாததை அணைத்துவிடுங்கள். 802.11பி ஆதரவை நிறுத்த வழி இருந்தால் அதையும்.

1 ஜூன்

"சேனல் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் அம்மா சமையலறையில் வீடியோ கால் பேசும்போது மட்டும் உறைகிறது." மைக்ரோவேவ் ஓடும்போதா என்று பாருங்கள். அதன் அலை 2450-ஐ ஒட்டி, அதாவது சேனல் 8, 9, 10 பக்கம். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் வழக்கமான மைக்ரோவேவ் சுமார் 10 மில்லிநொடி கத்தும், 10 மில்லிநொடி அமைதியாக இருக்கும். வைஃபை அந்த இடைவெளியில் தவ்வித் தவ்விப் போகப் பார்க்கும். ரவுட்டர் எழும்பும்போது மைக்ரோவேவ் ஓடாததால் ஆட்டோவுக்கு இது தெரியவே தெரியாது. 1 எட்ட இருக்கிறது. சமையலறைக்குச் சேனல் 1 நல்லது, 5 ஜிகாஹெர்ட்ஸ் இன்னும் நல்லது.

அப்புறம், லேப்டாப்பில் யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் மாட்டியதும் வைஃபை படுத்தால் ஆச்சரியப்படாதீர்கள். அதன் இரைச்சல் 2.4-இல் விழுகிறது என்று இன்டெல்லே 2012-இல் அறிக்கை வெளியிட்டது. டிஸ்க்கை ஒரு முழம் தள்ளி வைத்தாலே மாறும். சேனல் மாற்றிப் பயனில்லை, மொத்தப் பேண்டிலும் விழும் இரைச்சல் அது.

8 ஜூன்

நான் உண்மையில் சொல்ல விரும்பியது இதுதான், இவ்வளவு நாள் சுற்றி வந்துவிட்டேன். 2.4-இல் ஒன்றோடொன்று இடிக்காதவை மூன்று சேனல்தான். ஒரு வீட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, எதிரே ஒன்று. தனித்தனியாக ஒவ்வொரு ரவுட்டரும் எவ்வளவு புத்திசாலியாக இருந்தாலும் இதைச் சமாளிக்காது. ஆனால் ஒரு காகிதமும் பேனாவும் சமாளிக்கும்.

மாடி எண்ணையும் வீட்டு எண்ணையும் கூட்டுங்கள், மூன்றால் வகுங்கள். மீதி 0 என்றால் 1, மீதி 1 என்றால் 6, மீதி 2 என்றால் 11. இரண்டாவது மாடி, மூன்றாவது வீடு: ஐந்து, மீதி 2, சேனல் 11. இப்படிப் போட்டால் பக்கத்து வீடும் மேல் கீழ் வீடும் ஒருபோதும் உங்கள் சேனலில் வராது. ஒரே சேனல் வருவது மூலைக்கு மூலை குறுக்கே இருப்பவரோடு, நடுவில் ஒரு சுவரும் ஒரு தளமும் இருக்கும். எதிரெதிரே வீடுகள் இருக்கும் நடைபாதை என்றால் எதிர் வரிசைக்கு ஒன்றைக் கூட்டிக்கொண்டு ஆரம்பியுங்கள். அகலம் எல்லோருக்கும் 20.

எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் இந்தக் கட்டத்தைப் போட்டேன். தண்ணீர் லாரி, பார்க்கிங் சண்டை நடுவே முதலில் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் முதல் மாடி வாத்தியார் தன் ரவுட்டரில் வைத்தார், எங்கள் மாடியில் எல்லோரும் வைத்தோம். சிலருடைய பெட்டியில் அந்தப் பக்கமே திறக்கவில்லை, இணைப்பு கொடுத்தவர்கள் பூட்டி வைத்திருக்கிறார்கள், வாடிக்கையாளர் சேவையில் கேட்டால் ஆட்டோவே போதும் என்று போனை வைத்துவிட்டார்கள். அதில் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. தன் வீட்டு ரவுட்டரின் சேனலை மாற்றும் உரிமை கூட இல்லை என்பது என்ன நியாயம்? பூட்டியவர்களை அப்படியே விட்டு, மற்றவர்கள் கட்டத்தைப் பார்த்து விலகிக்கொண்டோம்.

போன மாதக் கரண்ட் நிறுத்தத்துக்குப் பிறகு அனலைசரைத் திறந்தேன். பூட்டிய பெட்டிகள் வழக்கம்போல ஒன்றன் மேல் ஒன்று. எங்கள் மாடி மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தது, ஏனென்றால் அவற்றுக்கு எழும்பும்போது முடிவெடுக்க ஒன்றும் இல்லை. கையால் வைப்பதன் முழு லாபமும் அதுதான்.

9 ஜூன்

"அப்போது ஆட்டோவே வேண்டாமா?" வேண்டும். தனி வீடு என்றால் ஆட்டோவில் விடுங்கள், சும்மா நோண்ட வேண்டாம். 5 ஜிகாஹெர்ட்ஸிலும் அபார்ட்மென்டில் பெரும்பாலும் ஆட்டோ போதும், சுவரும் தளமும் அந்தச் சிக்னலை நன்றாகத் தடுத்துவிடும், சேனலும் அதிகம். 2.4-இல், நெருக்கமான கட்டிடத்தில், கரண்ட் அடிக்கடி போகும் இடத்தில்தான் கையால் வைக்கச் சொல்கிறேன்.

22 ஜூன்

மெஷ், அதாவது பல பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க ஒரே வைஃபை கொடுக்கும் ஏற்பாடு, பற்றிக் கேட்டவருக்கு. மூன்று பெட்டியும் ஒயர் இல்லாமல் ஒன்றோடொன்று பேசுகிறது என்றால் பெரும்பாலும் மூன்றும் ஒரே 5 ஜிகாஹெர்ட்ஸ் சேனலில்தான் இருக்கும், ஒன்று ரேடாரைக் கண்டு ஓடினால் மூன்றும் ஓடும். மாடியில் வைத்த பெட்டிக்கு வானம் நன்றாகத் தெரியும், தவறான எச்சரிக்கையும் அதற்குத்தான் அதிகம் வரும், அதனால் கீழே ஹாலில் இருப்பவருக்கும் அறுகிறது. ஒயர் இழுக்க முடிந்தால் இழுத்துவிடுங்கள், அப்புறம் ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி சேனல் கொடுக்கலாம், ஆப் அனுமதித்தால். ஒயர் முடியாது என்றால் 36 அல்லது 149, அகலம் 80. பல மெஷ் ஆப்களில் சேனல் எண்ணே காட்டாது, "நெட்வொர்க்கை மேம்படுத்து" என்று ஒரு பட்டன் மட்டும் இருக்கும். அதை அழுத்துவதானால் ராத்திரி ஒன்பது மணிக்கு, எல்லோருடைய டிவியும் ஓடும்போது அழுத்துங்கள், ஒரு நிமிடம் அறுந்தாலும் பரவாயில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டு.